ஒரு பறவையைப் பார்த்துவிட்டு வாருங்கள்

குத்தாலிங்கம் அண்ணாச்சிக்கு உட்கார வராது. பழிப்பதற்காகச் சொல்லவில்லை, இது ஊரறிந்த சங்கதி. பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து, நின்ற பஸ்ஸையெல்லாம் விசிலடித்து விரட்டியே ஓய்வு பெற்றவர் அவர். நிற்கிற எதைக் கண்டாலும் அவருக்குக் கை பரபரக்கும்.

அது வேலைக்காலத்துப் பரபரப்பு. தை மாதம் மனைவி உலகம்மாள் போய்ச் சேர்ந்த பிறகு வந்தது வேறு. வீட்டுக்குள் கால் தரிக்கவில்லை. சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிட்டார். பகல் முழுக்கத் தெருத்தெருவாக நடந்தார். மகள் பெங்களூருக்குக் கூட்டிப் போனாள். போன நாலாம் நாளே பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டார். திரும்பி வந்து வீட்டுப் பூட்டைத் திறந்ததும் மறுபடியும் வெளியே போகத் தோன்றியது.

யாரோ சொல்லித்தான் வடிவு அம்மாவிடம் வந்தார்.

குற்றாலத்துக்கும் செங்கோட்டைக்கும் நடுவே, மலையடிவாரத்தில் வடிவு அம்மாவுக்கு ஒரு மாந்தோப்பும் ஓட்டு வீடும் உண்டு. காலையில் பத்திருபது பேர் வந்து அவருடன் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். பூசை, மந்திரம், உண்டியல் ஒன்றும் கிடையாது. முன்பு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்தவர். விசில் ஊதிப் பிள்ளைகளை ஓடவிட்டவர், இப்போது பெரியவர்களை உட்காரவைத்துக்கொண்டிருந்தார். வயதில் அண்ணாச்சிக்குத் தங்கை முறை. இருந்தாலும் அவர் இவரை அம்மா என்றார், இவர் அவரை அண்ணாச்சி என்றார். இரண்டு பேருக்கும் அது பொருந்திப் போயிற்று.

முதல் நாள் அண்ணாச்சி உட்கார்ந்தார். எழுந்து தண்ணீர் குடித்தார். உட்கார்ந்தார். வெளியே போய்ச் செருப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். மறுபடி உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவரிடம் மணி கேட்டார். கையில் கடிகாரம் கட்டியிருந்தவர் இவர்தான்.

எல்லோரும் போன பிறகு கேட்டார்.

"அம்மா, வீட்ல இருக்க முடியல. இங்க உக்காரவும் முடியல. நான் என்னதான் செய்யட்டும்?"

"ஒரு பறவையைப் பாத்துட்டு வாங்க அண்ணாச்சி."

"எந்தப் பறவை?"

"ஏதாவது ஒண்ணு."

வேறு யாராக இருந்தாலும் சுவரில் இருந்த காக்கையைப் பார்த்துவிட்டுக் காரியத்தை முடித்திருப்பார்கள். அண்ணாச்சி பஸ் ஏறினார்.

கூந்தன்குளத்துக்குப் போனார். இமயத்தைத் தாண்டி வந்த வரித்தலை வாத்துகள் குளத்துத் தண்ணீரில் கூட்டமாக மிதந்துகொண்டிருந்தன. ஊருக்குள் வேப்பமரத்து உச்சியில் செங்கால் நாரை குஞ்சுக்கு மீன் கொடுத்தது. அதைப் பார்த்தபோது, எத்தனையோ நாளுக்குப் பிறகு, அவருக்கு மனசு லேசானது. அட, இதுதான் மருந்து என்று நினைத்தார். மருந்தை ஒரு வேளை சாப்பிட்டு நிறுத்துகிற ஆளா அவர்? அங்கிருந்தே கோடியக்கரைக்கு வண்டி மாறினார்.

திரும்பி வந்து வடிவு அம்மாவிடம் மூச்சு விடாமல் சொன்னார்.

"பூநாரை பாத்தேம்மா. கடலோரம் முழுக்க ரோஸ் கலர். ஆயிரக்கணக்குல!"

"அது என்ன செஞ்சிட்டிருந்துச்சு அண்ணாச்சி?"

"அது... இருந்துச்சும்மா. படம் எடுத்தேன், காட்டட்டா?"

"போயிட்டு வாங்க."

அப்படியே மாதங்கள் ஓடின. தொலைநோக்கி வாங்கினார். பெரிய அலகுள்ள இருவாச்சிப் பறவையின் படம் போட்ட தொப்பி வாங்கினார். மீன்கொத்தி வரைந்த கோப்பையில்தான் காப்பி. போன் அடித்தால் குக்குறுவான் கூவும். பஸ்ஸில் அது கூவும்போது சன்னல் வழியே மரத்தை எட்டிப் பார்க்கிறவர்களைக் கண்டு அவருக்குச் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பு அடுத்த நிறுத்தம் வரைகூட நிற்காது.

வால்பாறைப் பக்கம் இருவாச்சியையே நேரில் பார்த்தார். ஆண் பறவை அத்திப்பழங்களைத் தொண்டைக்குள் அடக்கிக்கொண்டு வந்து, மரப்பொந்துக்குள் அடைந்து கிடந்த பெட்டைக்கு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தது. கூட வந்தவர்கள் கேமராவைத் தூக்கினார்கள். அண்ணாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார். கீழே இறங்க அடுத்த பஸ் எப்போது என்று கேட்டார்.

அந்தப் பயணத்தில்தான் கூட வந்த ஒரு வாலிபர் அவருக்கு அந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தார். புதருக்குள் பதுங்கும் பறவைக்காகக் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. அதன் குரலைப் போனில் போட்டால் போதும், தானே வெளியே வந்து நிற்கும். காத்திருக்க வேண்டாம் என்ற ஒரு சொல் போதாதா அண்ணாச்சிக்கு? ஆடி மாதத்துக்குள் அவர் போன் முழுக்கப் பறவைச் சத்தம்.

ஊர் திரும்பும்போதெல்லாம் வடிவு அம்மாவிடம் வருவார். தீக்காக்கை என்பார், மாங்குயில் என்பார், நீளவால் கொண்ட அரசவால் ஈப்பிடிப்பான் என்பார். வடிவு அம்மாவும் ஒவ்வொரு முறையும், அது என்ன செய்துகொண்டிருந்தது என்ற அதே கேள்வியைத்தான் கேட்பார். அண்ணாச்சி பறவையின் நிறத்தைச் சொல்வார், நீளத்தைச் சொல்வார், எந்த ஊரில் எந்த பஸ்ஸில் இறங்க வேண்டும் என்பதைச் சொல்வார். கேட்டதை மட்டும் சொன்னதில்லை. அவருக்குத் தெரியாதே!

ஐப்பசி பிறந்தது. வடிவு அம்மாவே ஒருநாள் சொன்னார்.

"தோப்புல ஆறுமணிக்குருவி வந்திருக்கு அண்ணாச்சி."

அண்ணாச்சி துள்ளிவிட்டார். இத்தனை மாதமாகத் தேடியும் அகப்படாத பறவை அது. காலையில் ஒருதரம், மாலையில் ஒருதரம், ஆறு மணிவாக்கில் இரட்டை விசில் கொடுக்கும். டைம் கீப்பருக்கு அதன்மேல் பாசம் வராமல் இருக்குமா?

"அது எங்கருந்து வருது தெரியுமாம்மா?" என்றார் பெருமையாக. "இமயமலை அடிவாரம். ராத்திரி ராத்திரியா பறந்தே வரும். வந்து சேரும்போது எலும்பும் தோலுமா இருக்குமாம். சில குருவி விழுந்தே செத்துப்போவுமாம்."

"அப்படியா?"

"படிச்சிருக்கேம்மா. அதைப் பாத்துட்டா இந்த வருசம் பூர்த்தி. பிறகு வந்து உக்காந்திருவேன், பாருங்க."

"நாளைக்குச் சாயந்தரம் வாங்க."

மறுநாள் வெயில் தாழ்ந்ததும் வந்துவிட்டார். கிணற்றுக்குப் பின்னால், சருகு மூடிய மாமரத்தடியில் குத்தவைத்தார். கொசு கடித்தது. கால் மரத்தது. புதருக்குள் சருகு அசைந்தது, ஆனால் ஒன்றும் தெரியவில்லை. இதற்குமேல் அவரால் முடியாது. போனை எடுத்து அதன் குரலைப் போட்டார்.

சருகு சட்டென்று அடங்கியது. பிறகு புதரை விலக்கிக்கொண்டு அது வெளியே வந்தது.

பச்சை முதுகு. கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை. வாலுக்கடியில் குங்குமச் சிவப்பு. ஒரு கல்லின்மேல் ஏறி நின்று, கழுத்தை அண்ணாந்து இரட்டை விசில் கொடுத்தது. அவசரத்தில் அண்ணாச்சி எடுத்த படம் கலங்கிவிட்டது. மறுபடி போட்டார். அது இன்னும் கிட்டே வந்தது. இன்னொருதரம் போட்டார், அவர் காலருகே வந்து நின்றது. படம் நன்றாக விழுகிற வரைக்கும் போட்டுக்கொண்டே இருந்தார்.

பிறகு சத்தத்தை அணைத்துவிட்டு வீட்டுப் பக்கம் ஓடினார்.

"அம்மா! பாத்துட்டேன்! காலுக்குக் கீழேயே வந்து நின்னுச்சு. வாங்க, வாங்க."

வடிவு அம்மா வந்து துவைகல்லின்மேல் உட்கார்ந்தார். குருவி போகவில்லை. மரத்தடியில்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

"அது என்ன செய்யுது அண்ணாச்சி?"

இத்தனை மாதமாகத் தப்பித்த கேள்வி. இப்போது பறவை கண்முன்னால் இருந்தது. பார்க்காமல் வேறு வழியில்லை.

"கூவுதும்மா."

"பிறகு?"

"கூவிட்டு நிக்கு. காது குடுத்துக் கேக்க மாதிரி இருக்கு."

"பிறகு?"

"அந்தப் பக்கம் ஓடுது. அங்கயும் நின்னு பாக்குது. திரும்ப இங்க வருது."

"எரை எடுக்கா?"

அண்ணாச்சி உற்றுப் பார்த்தார். ஈர மண்ணில் ஒரு மண்புழு நெளிந்தது. குருவி அதைத் தாண்டிக்கொண்டு போனது.

"எடுக்கலம்மா."

"எலும்பும் தோலுமா வந்து சேரும்னு சொன்னீய."

அண்ணாச்சிக்கு முகம் சுருங்கிவிட்டது.

"தேடுதும்மா. தன் எடத்துக்கு இன்னொரு குருவி வந்துட்டுன்னு நெனச்சுத் தேடுது. போன்தான்னு அதுக்கு எப்படித் தெரியும்? நான் அணைச்சுக்கூட ரொம்ப நேரமாச்சு."

வடிவு அம்மா கையை நீட்டினார். அவர் போனைக் கொடுத்தார்.

"இதுல வேற யார் சத்தமெல்லாம் வச்சிருக்கீய?"

பேச்சு மாறியதே போதும் என்றிருந்தது அண்ணாச்சிக்கு. பக்கத்தில் வந்து விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினார். "இது அக்காக்குருவி. இது பக்கி, ராத்திரியில கத்துற பறவை. இது சுடலைக்குயில், மழைக்கு முன்னால கத்தும். இது புள்ளி ஆந்தை. இது..."

விரல் நின்றுவிட்டது.

"இது?"

"இது பறவை இல்லம்மா."

"யாரு?"

"உலகு."

அண்ணாச்சியாகவே சொன்னார்.

"நான் மச்சுல இருந்தா கூப்பிட்டது காதுல விழாது. அதனால கீழ இருந்து போன்ல பேசி அனுப்புவா. ஏங்க, தண்ணி வந்துட்டு, குடம் நெறைஞ்சு வழியுது, வந்து தூக்குங்கன்னு. அவ்வளவுதான்."

"போடுங்க, கேப்போம்."

அண்ணாச்சி போனைப் பிடுங்கிக்கொண்டார். வடிவு அம்மாவிடம் அப்படிச் செய்யக் கூடாதென்று அவருக்குத் தெரியும். ஆனாலும் பிடுங்கினார்.

"வேண்டாம்மா. ஒருதரம் போட்டேன். பதினாறு கழிஞ்ச மறுநாள். வீட்ல யாருமில்ல, குரலையாவது கேப்போம்னு போட்டேன்."

"கேட்டீயளா?"

"கேட்டேன். கேட்டதும் எந்திரிச்சுட்டேம்மா. அவ இல்லன்னு தெரியும். நானேதான் கொள்ளி வச்சேன். இருந்தாலும் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு புறவாசலுக்குப் போயிட்டேன்."

"அங்க?"

"குழாய்ல தண்ணி இல்ல. குடம் கவுந்து கெடந்துச்சு."

"பிறகு?"

"அடுக்களைல போய்ப் பாத்தேன். மச்சுல பாத்தேன். தெருவுல எறங்கிப் பாத்தேன். செருப்பை மாட்டிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். போற வாற பஸ்ஸுல எல்லாம் சன்னல் சன்னலா பாத்தேம்மா..."

அண்ணாச்சி அழுதார். மனைவி போன வீட்டில் பந்தல் பிரிக்கவும் பந்தி வைக்கவும் ஓடிக்கொண்டிருந்தவர், அன்று அழாததையும் சேர்த்து இப்போது அழுதார். வடிவு அம்மா தேற்றவில்லை. எழுந்தும் போகவில்லை.

வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. மைனாக்கள் அடங்கிவிட்டன. தவிட்டுக்குருவிகளும் தங்கள் சண்டையை முடித்துக்கொண்டன. தோப்பில் அந்த ஒற்றைக் குருவி மட்டும் கிணற்றுக்கு அந்தப் பக்கமிருந்து கூவியது. கூவிவிட்டு நின்றது. பிறகு வேலியோரத்திலிருந்து கூவியது.

அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குரல் வந்த திசையைப் பார்த்தார்.

"இருட்டிட்டு. இன்னும் தேடுது, பாவம். எப்பம்மா அது நிறுத்தும்?"

வடிவு அம்மா அவர் பக்கம் திரும்பினார்.

"நீங்க நிறுத்திட்டீயளா அண்ணாச்சி?"