அமிலத்துக்குக் காரம்

அந்தச் சேவலைத் தணிகாசலம் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அது டுட்டோரியல் கூரைமேல் நின்று கூவிக்கொண்டிருந்தது. எலும்புக்கூட்டுப் பாடத்துக்காக வாங்கியது. "சதையெல்லாம் போய் எலும்பு மட்டும் மிஞ்சணும்டா" என்று இளம்பரிதி சார் சொல்லியிருந்தார். சதையை நீக்குவதில் சாரைவிடத் தேர்ந்தவர் யார்? தணிகாசலம், வரதன், கோதண்டம் என்ற மாணவர்கள் மூவரும் அதைக் குழம்பு வைத்து முழுதாக அவருக்கே பரிமாறினார்கள்.

எலும்பு மிஞ்சியது. சார்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்தார்.

"எரியுதுடா! வயித்துல அமிலம் கூடிப்போச்சு. அமிலத்தை எதுடா முறிக்கும்? நேத்துதானே நடத்தினேன்!"

தணிகாசலத்துக்கு வியர்த்தது. இந்தத் தடவையும் பரீட்சையில் தோற்றால் மாமா தன் பெண்ணை வேறிடத்தில் கொடுத்துவிடுவார். நல்லவேளை, விடை தெரிந்திருந்தது.

"காரம், சார்!"

"அதேதான்! ஓடிப்போய்க் கொண்டா. என்னைக் காப்பாத்திட்டா நீ பாஸ்!"

மூவரும் பின்கட்டில் அம்மியைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"வயித்துல இருக்கறது வலுவான அமிலம்னு பாடத்துல இருக்கு" என்றான் வரதன். "பச்சை மிளகாய் தாங்காது. குண்டூர் மிளகாய்தான்."

"எரியறது நெஞ்சு, அமிலம் இருக்கறது வயிறு. எதுல போடறது?" என்றான் கோதண்டம்.

"வாயில போடு மாப்ளே. ரெண்டு ஊருக்கும் ஒரே பஸ்தான்" என்றான் வரதன்.

தணிகாசலம் விழுதை எலுமிச்சை அளவுக்கு உருட்டினான். சார் கண்ணை மூடி வாயைத் திறந்தார்.

அடுத்த நொடி சார் எழுந்தார். அவரோடு பெஞ்சும் எழுந்தது. கத்தப் பார்த்தார், சத்தம் வரவில்லை. கண்ணிலும் மூக்கிலும் பொலபொலவென்று வழிந்தது.

"வினை நடக்குதுடா!" என்று வரதன் கைதட்டினான். "அமிலமும் காரமும் சேர்ந்தா என்ன கிடைக்கும்?"

"உப்பும் தண்ணியும்!" என்றார்கள் மற்ற இருவரும்.

தணிகாசலம் சாரின் கன்னத்தைத் தொட்டு விரலை நக்கிப் பார்த்தான். கரித்தது.

"தண்ணி... தண்ணி..." என்றார் சார்.

"ஆமா சார். உப்பும் இருக்கு. நான் பாஸா?"

சார் தலையைப் பலமாக இடமும் வலமும் ஆட்டினார்.

தணிகாசலத்துக்கு முகம் விழுந்துவிட்டது. மாமா பெண்ணின் கல்யாணப் பந்தல் கண்முன் வந்தது; உள்ளே வேறு மாப்பிள்ளை.

கோதண்டம் அவன் தோளைத் தட்டினான். "ஏன்டா கலங்கறே? இன்னும் வழியுது பார். உள்ளே அமிலம் மிச்சம் இருக்கு. வினை முடிஞ்சாத்தானே சார் பாஸ் போடுவார்?"

தணிகாசலம் பின்கட்டுக்கு ஓடினான். அம்மியில் விழுது பாதிக்குமேல் இருந்தது.