பன்னிரண்டாம் பக்கம்

"பீரோவைப் பூட்டிட்டாங்க, ரிஸ்வானா."

"தெரியும்ணே."

"ஒன்பது புத்தகம். ஒன்பதும் போச்சு."

"தெரியும்ணே."

தெரிந்தும் அவள் பள்ளி நூலகத்தில் உட்கார்ந்து ஒரு புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு எரிந்தது.

அன்று நான் பள்ளிக்கூடத்துக்கு டிசி வாங்கப் போயிருந்தேன். பிளஸ் டூ முடித்தாகிவிட்டது. ஆபீஸில் டிசியைக் கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை வந்து உன் படக்கதைகளையும் எடுத்துக்கொண்டு போய்விடு என்றார்கள். தமிழ் ஐயா எழுதிக் கொடுத்துவிட்டாராம். அவை பிள்ளைகளுக்கு ஆகாதாம்.

எனக்கு எதற்கு? நான்தான் படித்துவிட்டேனே. நான் போன பிறகும் அவை அங்கே இருக்க வேண்டும் என்றுதான் சென்னையில் இருக்கும் என் அத்தை மகனை இரண்டு வருஷம் நச்சரித்து, பழைய புத்தகக் கடைகளில் தேடவிட்டு, ஒன்று ஒன்றாகச் சேர்த்தேன். மங்கா. ஜப்பான் படக்கதை, இங்கிலீஷில். வலப்பக்கம் ஆரம்பித்து இடப்பக்கம் முடியும். மலைக் கிராமத்துப் பையன்கள் நாலு பேர் தொடர் ஓட்டம் ஓடுகிற கதை.

எங்கள் நூலகத்துக்கு நூலகர் கிடையாது. ஒரு அறை, நாலு பீரோ, ஒரு மேசை. சாவி ஒரு மாணவரிடம் இருக்கும். எட்டாம் வகுப்பிலிருந்து என்னிடம் இருந்தது. பிளஸ் டூ வந்ததும் ரிஸ்வானாவிடம் கொடுத்தேன். அவள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. எல்லாம் படிப்பாள், எதுவும் பேச மாட்டாள். குரு என்று கிண்டல் செய்வோம். கோபப்பட மாட்டாள். அது இன்னும் குரு மாதிரி இருக்கும்.

நூலகத்தில் நான் போட்ட சட்டம் ஒன்று உண்டு. ஒவ்வொரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கும். படித்தவர் ஒரு வரி கருத்து எழுதி, பெயரும் வகுப்பும் போட வேண்டும். எழுதினால்தான் அடுத்த புத்தகம். முழுசாகப் படிக்காமல் எழுதக் கூடாது. தாளை வெட்டியதும் நான், ஒட்டியதும் நான்.

மங்காவின் தாள்கள்தான் முதலில் நிரம்பின. வரிகள் எனக்கு மனப்பாடம்.

'நான் முழுசா முடிச்ச முதல் இங்கிலீஷ் புத்தகம். — 8 ஆ.'

'சண்டையே இல்ல. ஆனாலும் பயமா இருக்கு. — 7 அ.'

'பொம்பளப் பிள்ளைங்க ஏன் ஓடல? — 9 இ.'

'மூணாம் பாகத்தை வச்சிருக்கிறவன் ஒழுங்கா குடுத்துரு. — 8 அ.'

கருத்து கேட்டால் ஆசிரியருக்குப் பிடித்ததை எழுதுகிற பிள்ளைகள் இவர்கள். இங்கே எழுதியது அவர்களுடையது. அந்தத் தாள்களைப் பார்க்கும்போது எனக்கு மார்க் ஷீட்டைப் பார்த்து வராத கர்வம் வரும்.

முதல் பாகத்தின் தாளில் கடைசி வரி தமிழ் ஐயாவுடையது. அழகான கையெழுத்து.

'ஓட்டத்தில் வென்ற நால்வர் வரவர வேகம் குறைந்து, இறுதியில் ஒருவரை ஒருவர் அறியாதவராகின்றனர். சோம்பலையும் பிரிவையும் போதிக்கும் நூல். மாணவர்க்கு ஆகாது. — பொற்செழியன், தமிழாசிரியர்.'

அதை அப்படியே ஒரு துண்டுத்தாளில் எழுதி ரிஸ்வானாதான் முந்தின நாள் ஒரு பிள்ளையிடம் எனக்குக் கொடுத்தனுப்பியிருந்தாள். படித்ததும் முதலில் சிரித்தேன். மனுஷன் நம் புத்தகம் மாதிரி இடப்பக்கமிருந்து படித்திருக்கிறார். கதையை வாலிலிருந்து தலைக்கு. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அவர் மங்கா இருந்த பீரோவின் சாவியைக் கையோடு எடுத்துப் போய்விட்டார்.

நான் சும்மா வரவில்லை. ஐயா எப்படிப் படித்தார் என்று நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தேன். காலைப் பிரார்த்தனையில் ரிஸ்வானா அதை மைக்கில் வாசிக்க வேண்டும்.

"படிக்காமலே கருத்து எழுதிட்டாரு. நம்ம சட்டப்படி அவரை என்ன செய்யலாம்? சொல்லுங்க குருவே."

அவள் அட்டையை மடித்து முடித்தாள். எழுந்து போனாள். கீழ்த்தட்டிலிருந்து ஒரு நாவலை எடுத்து வந்து, கடைசிப் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தாள்.

தாளில் ஒரே ஒரு வரி.

'செம அறுவை. தூக்கம்தான் வருது. — ப. தவசிமுத்து, 8 ஆ.'

நான் முதன்முதலாக ஒட்டிய தாள். மற்றவர்களுக்கு மாதிரி காட்ட முதன்முதலாக எழுதிய கருத்து.

"அதுக்கென்ன இப்ப?"

"எத்தனை பக்கம் படிச்சீங்கண்ணே?"

அவளிடம் பொய் சொல்லலாம். பிரயோஜனம் இல்லை.

"பதினொண்ணு."

புத்தகம் இருநூற்று எழுபது பக்கம். என் வரிக்குக் கீழே வெள்ளையாக இருந்தது. நாலு வருஷமாக ஒருவரும் அதை எடுக்கவில்லை.

"சரி, தப்புதான். அதுக்காக மங்காவை விட்டுரணுமா? நான் என்ன செய்யணும்?"

"பன்னிரண்டாம் பக்கம்ணே" என்றாள். அடுத்த புத்தகத்துக்கு அட்டை வெட்ட ஆரம்பித்துவிட்டாள்.

கோபத்தோடுதான் வீட்டுக்கு எடுத்துப் போனேன். அட்டையைத் திறந்தால் உள்ளே, 'என் மாணவர்களுக்கு' என்று எழுதிப் பொற்செழியன் என்று கையெழுத்து இருந்தது. எட்டாம் வகுப்பில் அதைக்கூட நான் பார்த்திருக்கவில்லை.

முதல் பதினொரு பக்கமும் மழை. பன்னிரண்டாம் பக்கத்திலும் மழைதான். முப்பதில்தான் நின்றது. அக்காளும் தம்பியும் ஓடிப்போன அப்பாவைத் தேடி ரயிலேறுகிறார்கள். நடுவில் ஐம்பது பக்கத்துக்கு ஒரு சித்தப்பா பேசிக்கொண்டே இருக்கிறார். கடைசியில் அக்காள் அப்பாவைக் கண்டுபிடிக்கிறாள். அவருக்கு அடையாளம் தெரியவில்லை. இவளும் சொல்லவில்லை. ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத் தம்பியைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிடுகிறாள்.

அழுதேன். கண்ணில் தூசி விழுந்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன்.

என் பழைய வரிக்குக் கீழே எழுதினேன். 'மேலே இருப்பது பதினொரு பக்கத்துக்கு. இது இருநூற்று எழுபதுக்கு: சித்தப்பாவைப் பொறுத்துக்கொள்ளுங்கள், டீக்கடை வரும். — ப. தவசிமுத்து.' வகுப்பு போட இடம் இருந்தது. வகுப்புதான் இல்லை.

மைக்கில் வாசிக்க எழுதிய நான்கு பக்கத்தையும் கிழித்தேன்.

திங்கட்கிழமை ஆசிரியர் அறைக்குப் போனேன். ஐயா நோட்டு திருத்திக்கொண்டிருந்தார். மங்காவின் முதல் பாகம் அவர் மேசை மேலேயே கிடந்தது. நாவலை அதன் பக்கத்தில் வைத்தேன்.

"இதைப் படிச்சேன் ஐயா."

"எட்டாங்கிளாஸ்லயே அறுவைன்னு எழுதிட்டியேலே."

நாலு வருஷமாக அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"அப்ப படிக்கலை. இப்பதான் படிச்சேன்."

"எப்படி இருக்கு?"

"முன்னால அறுவை. நடுவுலயும் அறுவை. கடைசி மாதிரி ஒண்ணை நான் படிச்சதே இல்லை."

அவர் பேனாவை மூடினார். அதுதான் சமயம் என்று நினைத்தேன்.

"நீங்களும் இதைப் படிக்கலை ஐயா" என்று மங்காவைத் தொட்டேன்.

பக்கத்து மேசையில் கணக்கு டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். ஐயா முகம் சிவந்தது. மூணு நாள் உட்கார்ந்து படித்ததாகச் சொன்னார். ஜப்பான்காரர்கள் வலமிருந்து ஆரம்பிப்பார்கள் என்று நான் சொன்னேன். அவர் நம்பவில்லை.

"அப்படின்னு எங்கலே போட்டிருக்கு?"

"பெருசா போட்டிருக்கும் ஐயா. இடப்பக்கம் திறந்த உடனே முதல்லயே இருக்கும். நில்லுங்க, இது கடைசிப் பக்கம், புத்தகத்தைத் திருப்புங்கன்னு."

ஜம்பமாகத் திறந்தேன்.

அங்கே என் வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது.

ஐயா புத்தகத்தை வாங்கி, அந்தப் பக்கத்தை மட்டும் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். தாளுக்கு அடியில் பெரிய இங்கிலீஷ் எழுத்துகள் நிழலாகத் தெரிந்தன.

"ஒட்டினது யாரு?"

"நான்தான் ஐயா. ஒன்பதுலயும்."

திட்டுவார் என்று நின்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார். புத்தகத்தைத் திருப்பி வைத்தார். வலப்பக்கமிருந்து திறந்தார்.

பெல் அடித்தது. எட்டாம் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளை கூப்பிட வந்தது. கையை மட்டும் அசைத்து அனுப்பிவிட்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன். ஒரு இடத்தில் வெகுநேரம் பக்கம் திருப்பவில்லை. எட்டிப் பார்த்தேன். இரண்டாவது பையன் பனியில் வெறுங்காலோடு நிற்கிற பக்கம். அதில் ஒரு எழுத்துகூடக் கிடையாது.

அவர் முடித்தபோது இன்னும் இரண்டு பெல் அடித்திருந்தது. பேனாவைத் திறந்து தம் பழைய வரிக்குக் கீழே எழுதினார்.

'வலமிருந்து மீண்டும் படித்தேன். நால்வர் நண்பராகின்றனர். ஒரு பக்கத்தில் சொல்லே இல்லை, தேவைப்படவும் இல்லை. இரண்டாம் பாகம் வேண்டும். — பொற்செழியன், தமிழாசிரியர்.'

பிறகு இழுப்பறையைத் திறந்து, பீரோ சாவியையும் ஒரு வொயிட்னர் பாட்டிலையும் எடுத்தார். இரண்டு புத்தகத்தையும் என் பக்கம் தள்ளினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நாளைக்குக் கல்வி அதிகாரி வாராரு. நூலகத்தைத்தான் முதல்ல பாப்பாரு. என் பழைய வரியையும் உன் பழைய வரியையும் அழிச்சிட்டு, சாவியை அந்தப் பிள்ளைகிட்ட குடுத்துரு."

நூலகத்துக்குப் போனேன். ரிஸ்வானா கையை நீட்டினாள்.

சாவியைக் கொடுத்தேன். இரண்டு புத்தகத்தையும் கொடுத்தேன்.

வொயிட்னரை நான் திறக்கவே இல்லை.