ஓரெழுத்து மந்திர மொழி

முன்பொரு காலத்தில், மலைகள் இன்னும் வளர்ந்துகொண்டிருந்த நாளில், வேங்கை நாட்டு ஆற்றில் ஓர் இரும்பு அன்னம் ஆட்களை அக்கரை சேர்த்தது. அதை ஏவுவதற்கு ஒரு மந்திர மொழி இருந்தது. அந்த மொழியைப் படைத்த மந்திரவாதி, “என் மொழிக்கு ஓரெழுத்தே போதும்” என்று கர்வத்தோடு ‘ப’ எனப் பெயர் வைத்துவிட்டுச் செத்தும்போனான்.

ஒருநாள் ஏவும் மந்திரத்தில் ஒரு சொல் விட்டுப்போக, நடு ஆற்றில் அன்னம் நின்றது. “ஏழாம் சொல் காணோம், சிறகு பூட்டினேன்” என்று இறக்கைகளை மூடிக்கொண்டது. உள்ளே விறகுவெட்டி மாடசாமி! மூன்றாம் நாள் வெள்ளம் வரும்.

அவர் மகள் மருதாயி கரையில் நின்று அழுதாள். அந்த வீட்டில் முதன்முதலாக எழுத்துப் படித்தவள் அவள்.

“அழாதே தாயி. நீ படிச்சவ, ஏதாவது செய்வே” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

அதுதான் அவளுக்குப் பயம். படித்தது கொஞ்சம்தானே!

மலைமேல் ஏட்டுக்குகைக்கு ஓடினாள். உலகத்து ஓலைகள் எல்லாம் அங்கேதான். வாசலில் ஒரு பூதம்.

“கேள், தருவேன். கேட்டதையே தருவேன்.”

“ப” என்று அந்த மந்திர மொழியின் பெயரைச் சொன்னாள்.

‘ப’ எழுத்து இருந்த ஓலைகளெல்லாம் மலையாகக் குவிந்தன. பலாப்பழம் அறுக்கும் விதம், பல்வலி மருந்து, பட்டத்து யானையின் ஜாதகம். ஒருநாள் போயிற்று.

“கேள், தருவேன். கேட்டதையே தருவேன்.”

“ப மொழி.”

பாதி மலை வந்தது. இன்னொரு நாளும் போயிற்று.

“பூதண்ணே, நீயே யோசிச்சுக் கொண்டுவரக் கூடாதா?”

“யோசிப்பது நீ, தூக்குவது நான். ஏற்கெனவே இடுப்பு ஒடியுது!”

மூன்றாம் நாள் தண்ணீர் அன்னத்தின் கழுத்தைத் தொட்டது. மருதாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ‘இந்தக் கஷ்டம் வேறு யாருக்காவது வந்திருக்கும். அவர்கள் மொழியின் பெயரை எழுதாவிட்டாலும், அன்னம் சொன்னதை எழுதியிருப்பார்கள்.’

“கேள், தருவேன்.”

“ஏழாம் சொல் காணோம், சிறகு பூட்டினேன்” என்று ஓரெழுத்தும் மாறாமல் சொன்னாள்.

அதே சொற்களைத் தலைப்பில் கொண்ட ஒரே ஓர் ஓலை வந்தது. அதன் கீழே இருந்தது:

‘நானும் இங்கே நின்று அழுதேன். பயப்படாதே. “மலர்வாய்” என்று இருமுறை சொல். இப்படிக்கு, கோடியழகி.’

மருதாயி ஆற்றங்கரைக்கு ஓடிவந்து கத்தினாள். சிறகு விரிந்தது. மாடசாமி நீந்திக் கரையேறினார்.

“நான்தான் சொன்னேனே, நீ செய்வேன்னு!”

“நான் மட்டும் இல்லப்பா. கோடியழகின்னு ஒருத்தங்க.”

சேதி கேட்டு மகிழ்ந்த வேங்கை நாட்டு ராஜா அவளை அழைத்து, என்ன வேண்டும் என்று கேட்டார். “அந்த மொழிக்கு அவங்க பேரை வைக்கணும், மகாராஜா” என்றாள். குகையில் அந்த மொழியைப் பற்றி இருந்த ஓலை ஒவ்வொன்றிலும் அந்தப் பெயரை அவளே எழுதினாள். ஒரு வருஷம் ஆயிற்று.

அதன்பின் யார் அழுதுகொண்டு வந்து “கோடியழகி” என்றாலும், பூதம் ஒரே ஒரு கட்டு ஓலையைச் சிரித்துக்கொண்டே தூக்கிவந்தது. வந்தவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேண்டியதைக் கற்றுச் சுகமாக வீடு திரும்பினார்கள்.