சாம்பல் தேய்க்காத விரால்

இயற்கை வைத்திய ஆசிரமத்துச் சீடர் திருமேனிக்குத் துப்புரவு என்றால் உயிர். அதைத் தன் வேட்டியோடு நிறுத்தியிருந்தால் தேவலை. ஆசிரமத்துக்கு வைத்தியம் பார்த்துக்கொள்ள வருகிறவர்களின் குடலும் அந்த வேட்டி மாதிரி வெளுக்கவேண்டும் என்று நினைத்தார்.

குரு பூங்கோதை அம்மாள் வெளியூர் போயிருந்த சமயம், லாரி ஓட்டும் சின்னப்பன் வயிற்றுக் கடுப்போடு வந்தார். திருமேனி எனிமா கொடுத்தார். முதலில் மலம் போனது. பிறகு வழவழவென்று சளி போனது. "உள்ளே இன்னும் அழுக்கு இருக்கு" என்று மறுபடி கொடுத்தார். காலையிலும் மாலையிலும் கொடுத்தார். தண்ணீர் தெளியும்வரை விடுவதில்லை என்று பிடிவாதம்.

"நீங்க சொன்னா சரிதாங்க ஐயா" என்று சின்னப்பன் ஒவ்வொரு தடவையும் மறுபேச்சில்லாமல் ஒருக்களித்துப் படுத்தார்.

கடைசியில் ரத்தம் போனது, காய்ச்சல் கண்டது. குடல்வழியே கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள்.

அம்மாள் திரும்பியபோது, திருமேனி இழவு வீட்டிலிருந்து வந்து ஆசிரமத்துக் குளத்தங்கரையில் உட்கார்ந்திருந்தார். "ராப்பகலா பாத்துக்கிட்டீங்களே ஐயா" என்று சின்னப்பனின் மனைவி அவர் கையைப் பிடித்து அழுதிருந்தாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. நடந்ததையெல்லாம் அம்மாளிடம் சொன்னார்.

"அழுக்கைத்தானே அம்மா எடுத்தேன்? எங்கே தப்பு பண்ணேன்?"

அம்மாள் குளத்தில் ஒரு விராலைப் பிடித்து வாளியில் விட்டார். அடுப்புச் சாம்பலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

"உடம்பெல்லாம் வழவழன்னு இருக்கு. சாம்பல் போட்டு நல்லாத் தேய்ச்சுட்டு மறுபடி குளத்துல விடுங்க."

ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்த திருமேனி பதறிப்போனார்.

"ஐயையோ, உயிர் மீனையா? அந்த வழவழப்பு போயிட்டா புண்ணு வந்து செத்துப்போயிடுமே!"

சொன்னவர் சாம்பலை எட்டத் தள்ளிவைத்தார்.

அம்மாள் விராலைக் குளத்தில் விட்டார்.

"குடலுக்கு உள்பக்கம் கிண்ணம் மாதிரி சின்னச் சின்னச் செல்லுங்க இருக்கு. சளியைச் சுரந்து சுவரெல்லாம் பூசிவிடுறதுதான் அதுங்க வேலை. அந்தப் பூச்சு இருக்கிறவரைக்கும் கிருமி லேசுல தாண்டி வராது."

"எனக்குத் தெரியாமப் போச்சே அம்மா" என்று திருமேனி வாய்விட்டு அழுதார்.

"நானும் பக்கத்துல இல்லாமப் போயிட்டேன்" என்றார் அம்மாள்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"நான் கழுவினதும் அந்தச் செல்லெல்லாம் ஓஞ்சு போயிடுச்சா?"

"உடனே ஓயலை, திருமேனி. நீங்க கழுவக் கழுவ, அவரைக் காப்பாத்தத் திரும்பத் திரும்பச் சுரந்துக்கிட்டேதான் இருந்துச்சு. அதைப் பாத்துட்டுத்தான் இன்னும் அழுக்கு இருக்குன்னு நினைச்சீங்க."