கீச்சுன்னு கத்தின விருந்தாளி

ஒரு ஊர்ல ஒரு கல்யாணப் பொண்ணு இருந்தா. பேரு செங்கமலம். விட்டில் பூச்சின்னா அவளுக்குப் பைத்தியம். விளக்குக்கு எது வந்தாலும் நோட்டுல படம் வரைஞ்சு பேரு வெச்சிடுவா. காலை ஆட்டாம கேளு, ம்?

"ம்."

பொண்ணு பார்க்க வந்தவங்கள்லாம் பூச்சியைப் பார்த்துட்டுத் துண்டைக் காணோம் துணியைக் காணோம்னு ஓடிட்டாங்க. பரஞ்சோதின்னு ஒருத்தன் மட்டும், காபி டம்ளர் மேல உட்கார்ந்த பூச்சி தானா எழுந்து போற வரைக்கும் குடிக்காமக் காத்திருந்தான். கட்டினா இவனைத்தான்னுட்டா செங்கமலம்.

அப்புறம் ஐப்பசியில கல்யாணம். முதல் நாள் ராத்திரியே மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிட்டாங்க. எல்லாரும் படுத்தாச்சு. அப்போ பரண் மேலேர்ந்து ஒரு சத்தம். கீச்... கீச்...

மாப்பிள்ளையோட பெரியம்மா அன்னபாக்கியம் எழுந்து உட்கார்ந்தாங்க. "இந்த வீட்ல பேய் இருக்கு. விடியறதுக்குள்ள அது என்னன்னு காட்டலைன்னா, கல்யாணமும் வேணாம் ஒண்ணும் வேணாம், நாங்க கிளம்பறோம்."

செங்கமலம் ஓடி வந்தா. "அத்தை, கீச்சுன்னு கத்துற பூச்சி ஒண்ணு இருக்கு. மழைக்காலத்துல தூர தேசத்துலேர்ந்து வரும்."

"பூச்சி எங்கயாவது கத்துமாடி? பிடிச்சுக் காட்டு."

அப்புறம் அவ ஒரு வெள்ளை வேட்டியைக் கொடியில கட்டி, பக்கத்துல குண்டு பல்பை எரிய விட்டா. படபட, சடசட, எத்தனை பூச்சி! "இது மஞ்சப் பாவாடை, இது காஞ்ச சருகு, இது புள்ளிக்காரி"ன்னு பேரு சொல்லிக்கிட்டே வந்தா. கத்துறது வரலை. ம்?

"ம்."

அப்புறம் ஜாடியில நாலு நாளாப் புளிக்க வெச்சிருந்த வாழைப்பழத்தையும் வெல்லத்தையும் கிண்ணத்துல வழிச்சு முருங்கை மரத்தடியில வெச்சா. பூச்சிக்கு அந்த வாசனை பிடிக்கும். ஆனா மாப்பிள்ளையோட தாய்மாமா அதைப் பஞ்சாமிர்தம்னு நினைச்சு நக்கிட்டார். அவ்வளவுதான். தவுலை எடுத்து டும்டும்னு தட்டி, "இப்பவே தாலியைக் கட்டுடா"ன்னு ஒரே ஆட்டம். பூச்சி எங்கேர்ந்து வரும்?

சிரிக்காதே, தூக்கம் போயிடும்.

மூணாவதா தேன். அந்தப் பூச்சி தேன்கூட்டுலயே புகுந்து திருடுற பூச்சியாச்சே. தட்டுல தேனை ஊத்தி, விளக்கையெல்லாம் அணைச்சா. "அத்தை, பயமா இருந்தா என் கையைப் பிடிச்சுக்கோங்க."

அப்போ புர்ர்ர்ர்... உள்ளங்கை அகலத்துக்கு ஒண்ணு வந்து இறங்குச்சு. டார்ச்சு வெளிச்சத்துல பார்த்தா, முதுகுல மண்டையோடு மாதிரி ஒரு படம். அன்னபாக்கியத்துக்கு மூச்சே நின்னுடுச்சு. செங்கமலம் மெதுவா அதை எடுத்து அவங்க கையில விட்டா.

கீச்!

"அட, கிச்சுக்கிச்சு மூட்டுதுடி." சிரிச்சாங்க பாரு, ஊரே எழுந்துடுச்சு. "இது எவ்வளவு தூரத்துலேர்ந்து வருது?"

"மலையெல்லாம் தாண்டி வருது, அத்தை."

"கல்யாணத்துக்கு அவ்வளவு தூரம் வந்தவங்களையா பேய்னு சொன்னேன்? முதல் இலையை இதுக்குப் போடுங்க."

மறுநாள் முதல் பந்தியில, முதல் இலையில, ஒரு சொட்டுத் தேன். அதுக்கு விசிறி விட்டது யாருங்கிறே? அதே அன்னபாக்கியம்தான்.

பந்தி எழுந்தாச்சு, கதை கை கழுவப் போயாச்சு, என் தங்கம் கண்ணை மூடியாச்சு. ம்?

...