பேச்சியம்மாளின் இலை

"ஊசி போட்டுக்கவா, வேண்டாமா தாயி?"

பேச்சியம்மாள் இதைக் கேட்டபோது தாயி முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

ஒரு கல் வந்தது. அதை எடுத்து ஓரமாக வைத்தார்.

மலையடிவாரத்து மடம் அது. தினமும் மதியம் நூறு இலை விழும். பேச்சியம்மாள் பதினாறு வருஷமாக அங்கே அடுப்படியில் நிற்கிறாள். அவளுக்கு வயது நாற்பத்து மூன்று. தாயிக்கு முப்பதுதான். ஆனாலும் மடத்துக்குக் குரு அவர்தான். பேச்சியம்மாள் அவரைத் தாயி என்பாள். அவர் இவளை அக்கா என்பார்.

"டாக்டர் வர்ற வியாழக்கிழமை முடிவு சொல்லச் சொல்லியிருக்காரு தாயி. சர்க்கரை வாசப்படி வரைக்கும் வந்து நிக்குதாம். எடை தொண்ணூத்தோரு கிலோ. வாரம் ஒரு ஊசி போட்டா பசி மட்டுப்படும், உடம்பு இறங்கும்ங்காரு. போட்டுக்கிட்டாலும் சாப்பாட்டை மாத்தணுமாம், நடக்கணுமாம்."

"சரி."

"ஊசி போட்டு எதுவும் ஆயிட்டா? போடாம விட்டுச் சர்க்கரை ஏறிட்டா? ரெண்டுமே பயமா இருக்கு தாயி. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா இவளை யாரு பார்ப்பா?"

இவள் என்றது வதனியை. இரண்டரை வயது. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் கழித்து வந்த பிள்ளை. அம்மாவின் மடியில் ஏறி முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

பேச்சியம்மாள் அந்தக் கையைச் சட்டென்று எடுத்துவிட்டாள்.

"ஆஸ்பத்திரியில வரிசையில நின்ன பொம்பளை, பேத்தியான்னு கேட்டுட்டா தாயி. இல்ல, மகள்னேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தாக. அப்புறம் டாக்டர் கேட்டதுக்கெல்லாம் நான் குனிஞ்ச தலை நிமிராம ஆமா, இல்லன்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன்."

தாயி இன்னொரு கல்லை எடுத்து வைத்தார்.

"அக்கா, நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணுமில்ல தாயி. காலையில ரெண்டு இட்லி. மதியம் ஒரு கைச் சோறு. ராத்திரி அதுவும் இல்ல."

உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த சுப்புத்தாய்க்குக் காது கூர்மை. அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"ஒண்ணுமில்லாததுக்கே தொண்ணூத்தோரு கிலோவா? எங்களுக்கும் அந்த ஒண்ணுமில்லாததுல ஒரு கரண்டி போடேன், மதினி!"

பேச்சியம்மாளுக்கு முகம் சுருங்கிவிட்டது.

தாயி சிரிக்கவில்லை.

"நாளைக்குச் சாப்பிட்டு முடிச்சதும் உங்க இலையை எடுத்துட்டு வந்து எங்கிட்டக் காட்டுங்க."

"அப்ப ஊசி?"

"முதல்ல இலை."

*

மறுநாள் மதியம் பந்தி முடிந்தது. பேச்சியம்மாள் தாயி முன்னால் வந்து நின்றாள். கையில் ஒன்றும் இல்லை.

"சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு தாயி."

"இலை எங்க?"

"இலை போடல."

"பிறகு எதுல சாப்பிட்டீங்க?"

பேச்சியம்மாள் யோசித்தாள். பரிமாறுகிறவர்கள் கடைசியில் சாப்பிடுவதுதான் அந்த மடத்து வழக்கம். கடைசியில் அன்றைய இலைக்கட்டும் தீர்ந்திருக்கும். குண்டானில் மிஞ்சின சோற்றில் மிஞ்சின குழம்பை ஊற்றிப் பிசைந்து, நின்றபடியே, அடுத்த பாத்திரத்தைக் கழுவப் போட்டுக்கொண்டே சாப்பிடுவது. பதினாறு வருஷமாக அப்படித்தான்.

"குண்டான்ல," என்றாள்.

"அதான் பாரு!" சுப்புத்தாய்க்கு வாய் நிற்குமா? "குண்டானை வழிச்சு வழிச்சே எங்க மதினி குண்டான் மாதிரி ஆயிட்டாக!"

"நீயும்தானடி குண்டான்ல திங்கிற."

"நான் கரண்டியை வழிக்கிறவ. அதான் கரண்டி மாதிரி இருக்கேன்."

தாயி எழுந்து போய் மறுநாளைக்கென்று ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்த இலைக்கட்டிலிருந்து ஓர் இலையை உருவினார். நுனி கிழியாத இலை. அதைப் பேச்சியம்மாள் கையில் கொடுத்தார்.

"தினம் காலையில ஒரு இலை எடுத்துக்கோங்க. வாய்க்குப் போக வேண்டியது எதுவா இருந்தாலும் முதல்ல இலைக்கு வரட்டும். பிறகு உக்காந்து சாப்பிடுங்க."

"உப்புப் பார்க்கிறது?"

"அதுவும்."

"இவ மிச்சம் வைக்கிறது? அது எச்சில் தாயி. அதை இலையில எப்படி வைக்கிறது?"

"வயித்துல வைக்கிறீங்கல்ல?"

பேச்சியம்மாள் இலையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

*

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அடுப்படி மூலையில் இலையை விரித்தாள். இடது ஓரத்தில் கொஞ்சம் உப்பு வைத்தாள். அவள் அம்மா வீட்டில் அப்படித்தான், உப்பு வைத்த பிறகுதான் மற்றது.

வதனி கடித்துவிட்டுத் தள்ளின இட்லி ஒன்றரை. கை தானாக வாய்க்குப் போனது. பாதியில் நிறுத்தி இலையில் வைத்தாள்.

சாம்பாருக்கு உப்புப் பார்க்க ஒரு கரண்டி. காரம் பார்க்க இன்னொன்று. இரண்டையும் சோற்றில் ஊற்றித்தான் பார்ப்பாள். இரண்டு உருண்டை.

எண்ணெயில் உடைந்த வடை. அதைப் பந்தியில் போட முடியாதே. மூன்று.

வெங்காயம் நறுக்கும்போது வாயில் போடும் பொட்டுக்கடலை ஒரு பிடி. நொறுங்கின அப்பளம். வதனி தலையை ஆட்டித் துப்பிவிட்ட நெய்ச்சோறு. பாயசம் அடிபிடிக்காமல் சுரண்டினது. யாரோ வேண்டுதலுக்குக் கொண்டுவந்த அதிரசம் இரண்டு, அதைச் சுப்புத்தாயே கொண்டுவந்து வைத்தாள்.

"என் பங்கும் உன் இலைக்கே, மதினி. உனக்குத்தான் ஒண்ணுமில்லையே."

பந்தி முடிந்தது. பேச்சியம்மாள் இலை முன்னால் உட்கார்ந்தாள்.

இன்னும் சோறே வைக்கவில்லை. இலையில் இடமும் இல்லை.

அவளுக்குக் களவு போன சாமானை எல்லாம் தன் வீட்டு மூலையிலேயே பார்த்த மாதிரி இருந்தது.

"தாயி! இங்க வந்து பாருங்களேன். இது மூணு பேர் சாப்பாடு!"

தாயி வந்தார். பார்த்தார்.

"பசிக்குதா?"

பேச்சியம்மாள் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். பசி எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

"தெரியல தாயி."

"தெரியட்டும்," என்று சொல்லிவிட்டுத் தாயி போய்விட்டார்.

*

திங்கட்கிழமை இலையில் வடை ஒன்றுதான் இருந்தது. உப்பு விரல் நுனியில் பார்த்தாள். வதனிக்குக் கொஞ்சமாக ஊட்டினாள். பிள்ளை கேட்டால் இன்னும் கொஞ்சம். மிச்சம் காக்காய்க்குப் போனது.

காக்காய்க்குப் போடும்போது அவளுக்கு நெஞ்சு பதறியது. சோறாயிற்றே!

சாயங்காலம் மலையடியில் ஓடைப் பாலம் வரைக்கும் நடந்தாள். வதனியை விட்டுவிட்டுப் போனால் கத்துவாள். இடுப்பில் தூக்கினால் மூச்சு வாங்கியது. கையைப் பிடித்து நடத்தினால் வழியில் இருக்கிற ஒவ்வொரு ஆட்டுக்குட்டியிடமும் நின்று பேச வேண்டும். போய்வர ஒரு மணி நேரம் ஆனது.

செவ்வாய்க்கிழமையும் நடந்தாள். அன்று காலை பதினொன்றரைக்கு வயிற்றுக்குள் ஏதோ சுருண்டது. பயந்துபோய்ச் சுப்புத்தாயிடம் சொன்னாள்.

"அடியாத்தி, அதுக்குப் பேருதான் பசி," என்றாள் சுப்புத்தாய்.

புதன்கிழமை காலையில், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, அரிசி மூட்டை எடை போடும் தராசில் ஏறி நின்றாள். குனிந்து முள்ளைப் பார்த்தாள்.

தொண்ணூற்றொன்று.

இறங்கினாள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி ஏறினாள்.

தொண்ணூற்றொன்று.

நேராகத் தாயி இருக்கும் அறைக்கு வந்தாள். கண்ணீர் அவளுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. வதனி பின்னாலேயே ஓடி வந்தாள்.

"முள்ளு நகரலை தாயி."

"எத்தனை நாளு ஆச்சு?"

"நாலு நாளு."

"ஏறினது எத்தனை வருஷம்?"

"நாளைக்கு வியாழக்கிழமை தாயி! எனக்கு வருஷம் எங்க இருக்கு? நான் ஊசியே போட்டுக்கிறேன்."

"போட்டுக்கோங்க."

"போட்டு எதுவும் ஆயிட்டா?"

"போட்டுக்க வேண்டாம்."

"அப்ப சர்க்கரை?"

தாயி மாடத்திலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். அதிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

பேச்சியம்மாளுக்கு அழுகை நின்றுவிட்டது.

"தாயி! நீங்க மாத்திரை போடுவீகளா?"

"தைராய்டு. ஏழு வருஷமா."

"தியானத்துல போகலையா?"

"போகலை."

"நான் என்னென்னமோ நெனச்சேன். மருந்தே வேண்டாம், மனசை அடக்குன்னு சொல்லுவீகன்னு நெனச்சேன்."

"நான் எங்க அப்படிச் சொன்னேன்? டாக்டர் என்னைக் கேட்டாங்க. நான் எல்லாத்தையும் சொன்னேன். பிறகு அவங்க குடுத்தாங்க. நானும் போடுறேன்." தாயி டப்பாவை மூடினார். "நீங்க டாக்டர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"கேட்டதுக்குச் சொன்னேன்."

வதனி மடியில் ஏறினாள். முந்தானையை இழுத்தாள். பேச்சியம்மாள் கையைத் தட்டிவிட்டாள். வதனி விடவில்லை. மறுபடி இழுத்தாள். சிணுங்கினாள்.

"பிள்ளை என்ன கேக்குது?"

"ஒண்ணுமில்ல தாயி."

வதனி சிணுங்கலை நிறுத்திவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

தாயி மெதுவாகச் சொன்னார்.

"அந்த ஒண்ணுமில்லையையும் இலையில வைங்க, அக்கா."

பேச்சியம்மாளின் காது மடல் சிவந்தது. தரையைப் பார்த்தாள்.

"இன்னும் பால் மறக்கடிக்கலை தாயி," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "ரெண்டரை வயசாகுது. பேத்தியான்னு கேக்குற வயசுல எனக்கு... நாலு பேருக்குத் தெரிஞ்சா சிரிப்பாக. இனிமே ஒரு பிள்ளை எனக்கு ஏது? அதான் விட மனசு வரலை. ராத்திரியில குடுக்கேன். பகல்ல சேலைக்குள்ள மறைச்சுக் குடுக்கேன்."

"டாக்டர் இதைக் கேட்டாரா?"

"கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

"பின்னால ஆளு நின்னுச்சு தாயி. பிள்ளை பால் குடிக்குதான்னு கேட்டாரு. இல்ல, சோறு திங்குதுன்னு சொன்னேன்."

"சோறு திங்குதா?"

"திங்குது. அது பொய்யில்ல."

"சரி."

"சொன்னா என்ன ஆகும் தாயி? ஊசி கிடையாதும்பாரா?"

"எனக்குத் தெரியாது அக்கா. தெரிஞ்சவர்தானே கேட்டாரு?"

தாயி எழுந்து வெளியே போய்விட்டார். போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போனார். வதனி அவசரமாக முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

*

வியாழக்கிழமை ஆஸ்பத்திரி வரிசை வாசல் வரைக்கும் நின்றது.

டாக்டர் சின்ன வயசுப் பையன். முன்னால் ஒரு மேஜை. மேஜைக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டூல். ஸ்டூலுக்குப் பின்னால் எட்டுப் பேர், மூச்சுக் காற்று படும் தூரத்தில். அந்த எட்டுப் பேரில், போன வாரம் பேத்தியா என்று கேட்ட பெண்ணும் நின்றாள்.

பேச்சியம்மாள் உட்கார்ந்தாள். வதனியை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"என்னம்மா, யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன் சார்."

"போட்டுக்கலாமா?"

தலை தானாக ஆடியது. ஆமா என்று ஆடியதா, இல்லை என்று ஆடியதா, அவளுக்கே தெரியவில்லை. டாக்டர் ஆமா என்றே எடுத்துக்கொண்டார். சீட்டில் எழுத ஆரம்பித்தார். பேனா வேகமாக ஓடியது. ஒரு வரி முடிந்தது. அடுத்த வரி தொடங்கியது.

"வேற ஏதாவது சொல்லணுமா?" எழுதிக்கொண்டே கேட்டார்.

"ஒண்ணு..."

மீதி வார்த்தை நாக்கு நுனியில் தயாராக நின்றது. நாற்பத்து மூன்று வருஷமாகச் சொல்லிப் பழகின வார்த்தை.

வதனி முந்தானையை இழுத்தாள்.

பேச்சியம்மாள் குனிந்து அந்தக் கையைப் பார்த்தாள். தட்டிவிடவில்லை.

"ஒண்ணு இருக்கு சார்."

பேனா நின்றது.

"இவ இன்னும் எங்கிட்டப் பால் குடிக்கிறா. அன்னைக்கு நான் மறைச்சுட்டேன்."

பின்னால் யாரோ கொஞ்சமாகச் சிரித்தார்கள். பேத்தியா என்று கேட்டவளாகவும் இருக்கலாம். பேச்சியம்மாள் திரும்பவில்லை.

டாக்டர் அந்தச் சீட்டை இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

"நல்ல வேளை சொன்னீங்கம்மா. பால் குடுக்கிற வரைக்கும் இந்த ஊசி வேண்டாம். குடுக்கிறதுல ஒரு தப்பும் இல்ல, வெட்கப்படாதீங்க. மறக்கடிச்ச பிறகு வாங்க, மறுபடி ரத்தம் பார்த்துட்டு யோசிப்போம். அதுக்குள்ள சாப்பாடு, நடை, இதுல என்ன செய்ய முடியும்னு பார்ப்போம்."

புதுச் சீட்டு ஒன்றை எடுத்தார்.

"சொல்லுங்க. நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

பேச்சியம்மாள் கண்ணை மூடினாள். இலை பச்சையாக விரிந்து கிடந்தது. நுனி முதல் காம்பு வரை தெரிந்தது.

"இடது ஓரத்துல உப்பு," என்று ஆரம்பித்தாள்.