பந்தயத்துக்கு முன் இருபது நிமிடம்

“அன்னிக்கு ஏன் சார் சொல்லலை?”

கேட்டவள் பேச்சியம்மாள். ஒலிம்பிக் நூறு மீட்டரில் தங்கம் வாங்கியவள்.

தேவசகாயம் சார் விசிலைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவளை ஓடப் பழக்கியவர் அவர்தான்.

பதினாறு வருடமாக இதே கேள்வி. வருடாவருடம் அப்பாவின் திவசம் முடிந்த கையோடு மைதானத்துக்கு வந்துவிடுவாள். இந்த முறை திவசம் வரும் முன்பே கேட்டுவிட்டாள். சாரோ கல்லுளிமங்கன். வாயைத் திறக்க மாட்டார்.

“அப்பா செத்தது உங்களுக்குக் காலையிலயே தெரியும். சாயங்காலம் ஒலிம்பிக் ஃபைனல்ல என்னை ஓடவிட்டீங்க. ஊருக்கு வந்ததும் மேளம் அடிச்சு மாலை போட்டாங்க. அப்புறம்தான் சொன்னாங்க. அதுக்குள்ள அப்பாவை எரிச்சு அஞ்சு நாள் ஆயிருந்தது.”

சார் விசிலைத் துடைத்தார்.

“அதுக்கப்புறம் ஒரு பந்தயமாவது ஜெயிச்சேனா? கோட்டுல குனியும்போதெல்லாம் உங்க முகத்தைத்தான் பார்த்தேன். இன்னிக்கு வீட்டுல யாரு செத்திருக்காங்களோன்னு. துப்பாக்கி வெடிச்சு, மத்தவங்க போன பிறகுதான் எனக்குக் கால் எழும்பும்.”

“தெரியும்” என்றார் சார்.

“அன்னிக்கு என் முன்னால மண்டிபோட்டு லேஸ் கட்டிவிட்டீங்க. யாருக்கும் குனியாத மனுசன் எனக்காகக் குனிஞ்சாரேன்னு பூரிச்சுப் போனேன். பேட்டியில எல்லாம் பெருமையாச் சொன்னேன். சாவை மறைச்சு வச்சுக்கிட்டு எப்படி சார் கட்ட முடிஞ்சது?”

சார் விசிலைத் திருப்பிப் பிடித்து மறுபக்கம் துடைத்தார்.

இப்போது அவளும் ஒரு பயிற்சியாளர். அவளிடம் பயிற்சி பெறும் நிரோஷாவுக்கு இன்றைக்கு இதே மைதானத்தில்தான் ஒலிம்பிக் தேர்வின் இறுதி ஓட்டம். இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

ஓடுகிறவர்கள் போனைப் பயிற்சியாளரிடம் கொடுத்துவிடுவது வழக்கம். பேச்சியம்மாளின் பையில் நிரோஷாவின் போன் அடித்தது. எடுத்தாள். நிரோஷாவின் தாய்மாமன்.

“எப்போ?” என்றாள்.

பிறகு, “சரி” என்றாள்.

“சார், நிரோஷாவோட அம்மா...” நிரோஷா இருந்த பக்கம் பார்த்தாள். “நீங்க அவகிட்ட சொல்லுங்க சார்.”

போனை நீட்டினாள். சார் வாங்கவில்லை.

“நீயே சொல்லு. சொல்லியிருக்கணும்னுதானே இத்தனை வருஷமாச் சண்டை போடுறே?”

அதற்குள் நிரோஷாவே உடம்பைச் சூடேற்றிக்கொண்டு ஓடிவந்துவிட்டாள். நெற்றியெல்லாம் வியர்வை.

“அக்கா, போன் அடிச்சுதே, அம்மாவா? ஜெயிச்சிட்டுத்தான் பேசுவேன்னு சொல்லிட்டு வந்தேன்.”

பேச்சியம்மாள் போனைப் பைக்குள் போட்டாள். மூடினாள்.

“ஏன்க்கா முகம் ஒரு மாதிரி இருக்கு?”

பேச்சியம்மாள் சாரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் விசிலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“காலை நீட்டு. லேஸ் தளர்ந்திருக்கு” என்று சொல்லி மண்டிபோட்டாள். தலையை நன்றாகக் குனிந்துகொண்டாள்.

லேஸ் இறுக்கமாகத்தான் இருந்தது.